பங்கின் எல்லை, பள்ளியின் எல்லை: ஃபிலடெல்ஃபியாவின் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகள்

அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்குச் சேர்க்கை எல்லை உண்டு. குடியிருக்கும் தெருவைப் பொறுத்தே குழந்தை சேர வேண்டிய பள்ளி முடிவாகிறது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு அப்படிச் சட்டம் வகுத்த எல்லை எதுவும் இல்லை. அவை தனியார் பள்ளிகள். பெற்றோர் விரும்பினால் நகரின் மறுகோடியில் உள்ள பள்ளியிலும் பிள்ளையைச் சேர்க்கலாம். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஃபிலடெல்ஃபியா போன்ற நகரங்களில் ஒரு கத்தோலிக்கச் சிறுவன் எட்டாம் வகுப்பு முடித்ததும் எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போவான் என்பது ஏறக்குறைய அவன் பிறந்தபோதே தெரிந்திருந்தது. அதை முடிவு செய்தது அவன் திருமுழுக்குப் பெற்ற பங்கு.

பங்கு என்பது கோயிலை மட்டும் குறிப்பதன்று. திருச்சபைச் சட்டத்தின்படி அது ஒரு நிலப்பரப்பு. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு மறைமாவட்டங்கள் அனைத்தும் எல்லை வகுத்த பகுதிகளாகப் பிரிக்கப்பட வேண்டும் என்றது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பும் பங்கு பொதுவாக நிலப்பரப்பு சார்ந்ததாகவே இருக்க வேண்டும் என்கிறது. இந்தத் தெருவிலிருந்து அந்த ஆறு வரை குடியிருக்கும் கத்தோலிக்கர் அனைவரும் இன்ன பங்குத்தந்தையின் பொறுப்பு என்பதே இதன் பொருள். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை யார் நடத்துவது என்பதற்காக வரைந்த கோடு இது. அமெரிக்கக் கத்தோலிக்கர் இந்தக் கோட்டின் மேலேயே பள்ளி முறையையும் எழுப்பினார்கள். அந்தப் பள்ளி முறையின் பலமும் பலவீனமும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

ஃபிலடெல்ஃபியாவில் இதற்கு ஒரு கசப்பான முன்கதை உண்டு. பொதுப்பள்ளிகளில் புராட்டஸ்டண்டு விவிலியப் பதிப்பைப் படிக்கச் செய்வது பற்றிய சச்சரவு 1844இல் கலவரமாக வெடித்தது. புனித மிக்கேல் கோயிலும் புனித அகுஸ்தீன் கோயிலும் எரிந்து சாம்பலாயின. எட்டு ஆண்டுகள் கழித்து ஆயராக வந்த ஜான் நியூமன் பங்குதோறும் பள்ளி வைப்பதைத் தம் பணியின் மையமாக்கினார். அமெரிக்காவில் மறைமாவட்ட அளவில் பள்ளிகளை ஒரே அமைப்பாகக் கட்டிய முதல் ஆயர் என்ற பெயர் அவருக்கே உரியது. 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பொதுச்சங்கம் இதை நாடு முழுவதற்கும் விதியாக்கியது: ஒவ்வொரு கோயிலின் அருகிலும் இரண்டு ஆண்டுகளுக்குள் பள்ளி எழ வேண்டும், பெற்றோர் பிள்ளைகளை அங்கேயே அனுப்ப வேண்டும். தனியார் பள்ளிகளையே இல்லாமலாக்கக்கூடிய சட்டம் ஒன்றை 1922இல் ஓரிகன் மாநிலம் இயற்றியபோது, 1925இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அதன்பின் பங்குப் பள்ளியின் இருப்புரிமையை யாராலும் கேள்விக்குள்ளாக்க முடியவில்லை.

ஆனால் பால்டிமோர் விதி தொடக்கக் கல்வியோடு நின்றுவிட்டது. பங்குப் பள்ளி எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க விரும்பிய பையன் இயேசு சபையோ பிற துறவற சபைகளோ நடத்திய கல்லூரிகளின் ஆயத்தப் பிரிவில் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். பெண்பிள்ளைக்கு அருட்சகோதரிகள் நடத்திய அகாடமி இருந்தது, அங்கும் கட்டணம் உண்டு. ஆலைத் தொழிலாளியின் வீட்டில் இரண்டுக்கும் வழியில்லை. நடுவே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பங்குப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையில் படிக்கட்டே இல்லை என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தவர் திருச்சிலுவை சபைக் குரு ஜேம்ஸ் பர்ன்ஸ். கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாற்றை எழுதிய முன்னோடியும் அவரே. ஒரு பங்கால் தனியாக உயர்நிலைப் பள்ளி நடத்த முடியாது. பல பங்குகள் சேர்ந்து ஒரு மையப் பள்ளியைத் தாங்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த வழி.

அந்த வழிக்கு முன்மாதிரி ஃபிலடெல்ஃபியாவிலேயே இருந்தது. நிலக்கரி, பனிக்கட்டி வணிகத்தில் பொருள் சேர்த்த தாமஸ் கேஹில் 1878இல் இறந்தபோது, பங்குப் பள்ளிகளில் படித்து வெளிவரும் பையன்களுக்கு இலவச உயர்நிலைப் பள்ளி ஒன்றை நிறுவத் தம் செல்வத்தை எழுதி வைத்திருந்தார். ரோமன் கத்தோலிக் உயர்நிலைப் பள்ளி 1890இல் பிராடு தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் இடத்தில் திறந்தது. அதன் அடிப்படை விதியைக் கவனிக்க வேண்டும். அது நகரத்தின் எல்லாப் பையன்களுக்குமான பள்ளி அன்று. பங்குப் பள்ளிகளின் பையன்களுக்கான பள்ளி. தொடக்கப் பள்ளியையும் உயர்நிலைப் பள்ளியையும் பிணைக்கும் முடிச்சு உயிலிலேயே போடப்பட்டுவிட்டது.

ஒரே பள்ளி இருந்தவரை எல்லைக்கு வேலை இல்லை. மேற்கு ஃபிலடெல்ஃபியாவில் 1916இலும் வடகிழக்கில் 1926இலும் பையன்களுக்கான பள்ளிகள் எழுந்தபோது எந்தப் பங்கு எந்தப் பள்ளிக்கு என்ற கேள்வி பிறந்தது. விடை எளிதாகவே கிடைத்தது. பங்குகளுக்கு ஏற்கெனவே எல்லை இருந்தது. அவற்றைக் கொத்தாகச் சேர்த்தால் உயர்நிலைப் பள்ளியின் எல்லை வந்துவிடும். வரைபடத்தில் புதுக் கோடு எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. பையன்களுக்கு ஒன்று, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று என இருபாலருக்கும் தனித்தனிப் பள்ளிகள் வைப்பது அன்றைய வழக்கம் என்பதால் ஒரே பங்கு இரண்டு பள்ளிகளுக்கு மாணவர்களை அனுப்பியது. வடகிழக்குப் பகுதிப் பெண்பிள்ளைகள் புனித ஹியூபர்ட் பள்ளிக்குப் போனார்கள்.

எல்லையை நிலைநிறுத்தியது பணம். இந்தப் பொருளைப் பற்றிப் பேசுவோர் பலரும் இதைப் போதுமான அளவு கவனிப்பதில்லை. மறைமாவட்ட உயர்நிலைப் பள்ளியில் மாணவன் நீண்ட காலம் பெரிதாகக் கட்டணம் எதுவும் கட்டவில்லை. அவனுக்கான செலவின் பெரும்பங்கை அவனுடைய பங்கு கட்டியது. ஞாயிற்றுக்கிழமை உண்டியலில் விழுந்த காசிலிருந்து, தன் பிள்ளைகள் எத்தனை பேர் அந்தப் பள்ளியில் படிக்கிறார்களோ அத்தனை பேருக்குரிய தொகையைப் பங்கு செலுத்தியது. எனவே எந்த மாணவன் எந்தப் பங்கைச் சேர்ந்தவன் என்பது கணக்குப் புத்தகத்துக்கே தேவையாயிற்று. பிள்ளையே இல்லாத முதியவரின் காணிக்கையும் பக்கத்து வீட்டுப் பையனின் இயற்கணித வகுப்புக்குப் போனது. நகர்ப்புறத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பெருந்திரளாக உயர்நிலைக் கல்வி பெற்றது இப்படித்தான். அமெரிக்கக் கத்தோலிக்கர் செய்த சமூகப் பணிகளில் இதற்கு இணையானவை மிகச் சில.

இரண்டாவது பிணைப்பு ஆசிரியர்கள். பங்குப் பள்ளியில் பாடம் நடத்திய அருட்சகோதரிகளின் சபைகளே உயர்நிலைப் பள்ளிக்கும் ஆசிரியர்களை அனுப்பின. ஹாலஹன் பெண்கள் பள்ளியில் பல சபைச் சகோதரிகள் ஒரே கூரையின்கீழ் கற்பித்தார்கள். எட்டாம் வகுப்பில் பார்த்த அதே துறவற உடையை ஒன்பதாம் வகுப்பிலும் பார்த்த சிறுமிக்குப் பள்ளி மாறியது அவ்வளவாகத் தெரிந்திருக்காது. யார் கணக்கில் வல்லவர், யாருக்கு ஆங்கில இலக்கணம் வராது என்ற செய்தியும் மடத்திலிருந்து மடத்துக்குப் போனது. இவ்வளவு குறைந்த செலவில் பள்ளிகள் நடந்ததற்கு அந்தச் சகோதரிகள் ஊதியமாக ஏறக்குறைய எதையும் பெறாததும் காரணம். அந்தக் கடனை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை.

எல்லை எல்லாரையும் ஒரே வகையில் நடத்தவில்லை. நிலப்பரப்புப் பங்குகளோடு இனப் பங்குகளும் இருந்தன: போலந்துக்காரருக்கு ஒன்று, இத்தாலியருக்கு ஒன்று, ஜெர்மானியருக்கு ஒன்று. ஒரே தெருவில் மூன்று பங்குகளின் பிள்ளைகள் குடியிருந்து மூன்று தொடக்கப் பள்ளிகளுக்குப் போவது வழக்கமான காட்சி. உயர்நிலைப் பள்ளியில்தான் அவர்கள் முதன்முறையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஐரிஷ், போலந்து, இத்தாலியப் பிள்ளைகளை ஒரே அமெரிக்கக் கத்தோலிக்கக் கூட்டமாக்கியதில் மறைமாவட்ட உயர்நிலைப் பள்ளிக்குத் தொடக்கப் பள்ளியைவிடப் பெரிய பங்குண்டு.

நிறக்கோடு அவ்வளவு எளிதில் அழியவில்லை. வரலாற்றாசிரியர் ஜான் மெக்ரீவி 1996இல் வெளியிட்ட நூலுக்கு ‘பங்கு எல்லைகள்’ என்ற பொருளில் தலைப்பிட்டது தற்செயலானதன்று. யூதராலும் புராட்டஸ்டண்டுகளாலும் தங்கள் வழிபாட்டுக் கட்டடத்தை விற்றுவிட்டுப் புறநகருக்குப் போக முடிந்தது. கத்தோலிக்கப் பங்கு நிலத்தோடு கட்டுண்டது. கோயில், பள்ளி, மடம், குருமனை என்று பெரும்பணம் செலவிட்ட வெள்ளையர் கறுப்பினத்தவர் அண்டையில் குடிவருவதைத் தங்கள் பங்கின் அழிவாகவே கண்டார்கள். ஆனால் அதே எல்லைக் கோடு நீதியின் கருவியாகவும் ஆயிற்று. 1947இல் செயின்ட் லூயிஸ் பேராயர் ஜோசப் ரிட்டர் கத்தோலிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்தார். நீதிமன்றம் செல்வோம் என்று மிரட்டிய வெள்ளைப் பெற்றோரிடம் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவீர்கள் என்று எச்சரித்தார். அரசுப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர அப்போது இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. பங்கு நிலப்பரப்பைச் சார்ந்ததென்றால் அந்த நிலத்தில் வாழும் கறுப்பினக் கத்தோலிக்கக் குழந்தையும் அந்தப் பள்ளிக்கு உரியதே. ரிட்டர் புது நெறி எதையும் உண்டாக்கவில்லை. பழைய விதியை நேர்மையாக நிறைவேற்றினார்.

எல்லாக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளும் பங்குகளைச் சார்ந்திருக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் 1851இல் தொடங்கிய புனித சூசை ஆயத்தப் பள்ளி இயேசு சபையினருடையது. இப்படித் துறவற சபைகள் நடத்தும் பள்ளிகள் நுழைவுத் தேர்வு வைத்து எங்கிருந்தும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்தன, கட்டணமும் அதிகம். அவை பங்குப் பள்ளிகளின் சிறந்த மாணவர்களில் ஒரு பகுதியைக் கொண்டுபோயின. டெட்ராய்ட் வேறு வழியில் சென்றது. அங்கே பல பங்குகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தாங்களே நடத்தின. அவற்றில் பல மிகச் சிறிய பள்ளிகள். சின்சினாட்டியில் 1922இல் தொடங்கிய எல்டர் பள்ளி நகரின் மேற்குப்புறப் பங்குகள் பல சேர்ந்து தாங்கியது. அந்தப் பகுதியில் இன்றும் ஒருவர் எந்தப் பங்கு என்று கேட்டாலே எந்தப் பள்ளி என்பது தெரிந்துவிடும்.

மறைமாவட்ட முறையின் உச்சம் ஃபிலடெல்ஃபியாவில் 1950களிலும் 60களிலும் வந்தது. போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை பங்குப் பள்ளிகளை நிரப்பியது; ஒரு வகுப்பில் 60 பேருக்கு மேல் உட்கார்ந்த நாள்கள் அவை. கர்தினால் ஜான் ஓஹாரா பேராயராக இருந்த 1951–60 காலத்தில் உயர்நிலைப் பள்ளிகள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. வடக்கு ஃபிலடெல்ஃபியாவில் 1956இல் திறந்த கர்தினால் டோஹர்ட்டி பள்ளியில் 1960களின் நடுவில் ஏறத்தாழ 6,000 மாணவர்கள் படித்தார்கள். உலகின் மிகப் பெரிய கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி அது. விளம்பரம் செய்து பிடித்த மாணவர்கள் அல்லர் அவர்கள். எல்லைக்குட்பட்ட பங்குகளின் எட்டாம் வகுப்புகள் செப்டம்பர் மாதத்தில் அப்படியே அங்கே இறங்கின.

அந்த வேகத்திலேயே சரிவும் வந்தது. நாடு முழுவதும் 1960களின் நடுவில் சுமார் 13,000 கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சம் மாணவர்கள் இருந்தார்கள். இன்று சுமார் 6,000 பள்ளிகளில் 17 லட்சம் பேர். அருட்சகோதரிகளின் தொகை 1965இல் ஏறத்தாழ 1,80,000. இன்று 40,000க்கும் குறைவு. சகோதரிகளின் இடத்தில் பொதுநிலை ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்களுக்குக் குடும்பம் நடத்தத்தக்க ஊதியம் தர வேண்டும். அந்த ஊதியத்தில் ஒரு பகுதியை ஏற்கப் பென்சில்வேனியா மாநிலம் 1968இல் சட்டம் செய்தது. அரசும் மதமும் பின்னிக்கொள்கின்றன என்று சொல்லி 1971இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. பங்குகளோ புறநகருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களால் மெலிந்துகொண்டிருந்தன. உண்டியல் தாங்கவில்லை. சுமை பெற்றோர் தலையில் ஏறியது. உயர்நிலைப் பள்ளியின் ஆண்டுக் கட்டணம் இன்று ஏறத்தாழ 10,000 டாலர் அளவுக்கு வந்துவிட்டது.

கட்டணத்தைப் பெற்றோரே கட்டும்போது அவர்களை இன்ன பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சேர்க்கை எல்லை தளர்ந்து மறைந்ததன் உண்மையான காரணம் இதுவே. எல்லை போனதும் மறைமாவட்டப் பள்ளிகள் ஒன்றோடொன்று போட்டியிடத் தொடங்கின. இப்போது உயர்நிலைப் பள்ளி முதல்வர்கள் இலையுதிர் காலத்தில் தொடக்கப் பள்ளிகளுக்கு நேரில் வந்து பேசுகிறார்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாள் முழுதும் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவரோடு வகுப்பு வகுப்பாகச் சென்று பார்க்கிறார்கள். பங்குகளின் கூடைப்பந்துப் போட்டியில் பயிற்சியாளர்களின் கண் இருக்கிறது. நியூயார்க்கில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் பொது நுழைவுத் தேர்வு எழுதி மூன்று பள்ளிகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும். தேர்ந்தெடுக்கும் உரிமை நல்லதே. ஆனால் எந்தப் பங்கும் எந்தப் பள்ளிக்கும் இனிப் பொறுப்பேற்கவில்லை என்பதும் அதனோடு சேர்ந்தே வந்தது.

பழைய எல்லை மறைந்த இடத்தில் வேறு கோடுகள் வந்து உட்கார்ந்திருப்பது வியப்பளிக்கும். பென்சில்வேனியாவில் தன் மாணவர்களுக்குப் பேருந்து விடும் கல்வி மாவட்டம், தன் எல்லையிலிருந்து பத்து மைலுக்குள் உள்ள தனியார் பள்ளிகளில் படிக்கும் தன் பகுதிப் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்ல வேண்டும். எனவே புறநகரில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியின் நடைமுறை எல்லை பெரும்பாலும் இந்தப் பத்து மைல்தான். 2012இல் மாநிலம் கொண்டுவந்த வரிச்சலுகை உதவித்தொகை இன்னும் நுட்பமானது: தேர்ச்சியில் மிகப் பின்தங்கிய 15 விழுக்காட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்றின் சேர்க்கை எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளைக்கே அது கிடைக்கும். கத்தோலிக்கப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுப்பது இப்போது அரசுப் பள்ளியின் எல்லைக் கோடு.

விளையாட்டுக் களத்திலும் இதே பிரச்சினை இன்னொரு உருவில் நிற்கிறது. எல்லை உள்ள அரசுப் பள்ளியும் எல்லை இல்லாத கத்தோலிக்கப் பள்ளியும் ஒரே கோப்பைக்கு ஆடுவது நியாயமா என்ற வழக்கு பல மாநிலங்களில் ஓயாமல் நடக்கிறது. ஒஹையோ மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 2017 முதல் சில விளையாட்டுகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஒரு வீரர் ஏழாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளி அமைப்பில் படித்து வந்தார் என்பதைப் பொறுத்து அணியின் எடை கூடும். கத்தோலிக்கப் பள்ளி தனக்கு மாணவர்களை அனுப்பும் தொடக்கப் பள்ளி எது என்று குறித்துக் கொடுக்க வேண்டும். மறைமாவட்டங்கள் கைவிட்ட பிணைப்பை விளையாட்டுச் சங்கம் எழுத்தில் கேட்டு வாங்குகிறது.

அரசு பணம் தந்தால் எல்லை எப்படி நிலைத்திருக்கும் என்பதைக் கனடாவின் ஒன்டாரியோ காட்டுகிறது. அங்கே கத்தோலிக்கப் பள்ளிகளின் உரிமை 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டத்திலேயே உள்ளது. நெடுங்காலம் பத்தாம் வகுப்பு வரைக்கே கிடைத்த மானியத்தை 1984இல் மாகாணப் பிரதமர் பில் டேவிஸ் உயர்நிலை முழுவதற்கும் நீட்டுவதாக அறிவித்தார். 1987இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கத்தோலிக்கக் கல்வி வாரியங்கள் அரசு வாரியங்களைப் போலவே முகவரி பார்த்துச் சேர்க்கை எல்லை வகுக்கின்றன. தொடக்கப் பள்ளிக்குத் திருமுழுக்குச் சான்று கேட்கும் வாரியங்களும் உயர்நிலைப் பள்ளியைப் பிற மதத்தவருக்கும் திறந்துவைத்திருக்கின்றன. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழ்க் கத்தோலிக்கருக்கு இந்த நடைமுறை பழகியது. அங்கே கட்டணம் இல்லாததால் பங்கின் உண்டியல் மெலிந்தாலும் பள்ளி மெலிவதில்லை.

ஃபிலடெல்ஃபியாவுக்கு அந்தத் துணை இல்லை. ஒரு காலத்தில் 6,000 பேர் படித்த கர்தினால் டோஹர்ட்டி பள்ளியில் கடைசியில் 700 பேருக்கும் குறைவாகவே இருந்தார்கள். 2010 ஜூனில் அதுவும் வடகிழக்குப் பையன்கள் பள்ளியும் ஒரே நாளில் அறிவிக்கப்பட்ட முடிவின்படி மூடப்பட்டன. 2012 ஜனவரியில் உயர்மறைமாவட்டம் அமைத்த ஆய்வுக் குழு, 156 தொடக்கப் பள்ளிகளில் 45ஐ மூடவோ இணைக்கவோ வேண்டும் என்றது. அதோடு பானர்–பிரெண்டர்காஸ்ட், கான்வெல்–ஈகன், மேற்கு கத்தோலிக்கப் பள்ளி, புனித ஹியூபர்ட் ஆகிய நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் மூடச் சொன்னது. தொடக்கப் பள்ளிகளில் சில மேல்முறையீட்டில் தப்பின, பல மறைந்தன. இணைக்கப்பட்டவை பங்கின் பெயரை விட்டு வட்டாரப் பள்ளிகளாயின. ஏழைப் பகுதிகளின் பங்குப் பள்ளிகள் பல தனி அறக்கட்டளை ஒன்றின் கைக்கு மாறின. அவற்றின் பிள்ளைகளில் கத்தோலிக்கர் அல்லாதோர் ஏராளம். நான்கு உயர்நிலைப் பள்ளிகளுக்காகப் பழைய மாணவர்கள் சில வாரங்களில் பெருந்தொகை திரட்டினார்கள். பிப்ரவரியில் பேராயர் சார்லஸ் ஷபூ முடிவை மாற்றினார். அதே ஆண்டு உயர்நிலைப் பள்ளிகள் பதினேழின் நிர்வாகமும் பொதுநிலையினரின் அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

திரண்ட பணமும் பாசமும் உயர்நிலைப் பள்ளிக்கே போயின. கால்பந்து அணியும் பள்ளிப் பாட்டும் நினைவும் அங்கேதான் இருந்தன. அதற்கு மாணவர்களை அனுப்பிய பங்குப் பள்ளிக்காக அந்த அளவில் யாரும் திரளவில்லை. ஒரு மறைமாவட்டத்தின் கையில் குறைந்த பணமே இருந்தால் அது முதலில் போக வேண்டிய இடம் ஒன்றாம் வகுப்பு நடக்கும் பள்ளி என்பதே இந்த நூற்றாண்டு வரலாற்றைப் படிப்பவர் வரவேண்டிய முடிவு. 2012ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்த நான்கு உயர்நிலைப் பள்ளிகளும் அதன்பின் தொடர்ந்து நடந்தன. அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஹாலஹனும் பிஷப் மெக்டெவிட் உயர்நிலைப் பள்ளியும் போதிய மாணவர்கள் இல்லாமல் 2021இல் மூடப்பட்டன.